பனி விழும் முன்னே

புனேயில் வாழும் நமக்கும் உறைபனிக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், தக்காணத்தின்மேல் அமர்ந்திருக்கும் இந்நகரில் பதிவான குளிரில் மிகக் கடுமையானது, 1935ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கண்ட 1.7 டிகிரி செல்சியஸ். அன்றுகூடத் தண்ணீர் உறையும் நிலைக்குக் குளிர் இறங்கவில்லை. நம் வண்டிகளுக்காக நாம் அஞ்சுவதெல்லாம் ஆனி, ஆடி மழைக்குத்தான். வைப்பர் ரப்பரை மாற்றி, பிரேக்கைச் சோதித்து, அடிப்பாகத்துக்குத் துருப்பிடியாத பூச்சு ஒன்று அடித்துவிட்டால் நம் கடமை முடிந்தது.

எனினும் பனி இந்நகருக்கு முற்றிலும் அந்நியமன்று. சிவாஜி நகர்ப் பக்கம் 'சிம்லா ஆபீஸ்' என்றொரு சந்திப்பு உண்டு. வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் 1928இல் சிம்லாவிலிருந்து இங்கே பெயர்ந்தபோது உடன் வந்த பெயர் அது. தலைமையகம் பின்னர் தில்லிக்குப் போயிற்று. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதனினும் நெருங்கிய உறவு ஆளந்தி சாலையில், திகி முகாமில் இருக்கிறது. 1960இல் தோன்றிய எல்லைச் சாலை அமைப்பின் பணிப்படையாகிய 'கிரெஃப்' படையின் மையம் அங்கேதான். இமயத்துக் கணவாய்களில் பனியை அகற்றப் போகும் ஓட்டுநரும் மெக்கானிக்கும், பனியையே காணாத இவ்வூரின் வாசல் வழியாகத்தான் பணிக்குள் நுழைகிறார்கள்.

அப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் விசிராந்தவாடியில் நமக்கு அண்டை வீட்டார். பனியை வாரித் தள்ளுவது பெரும்பாடாயிற்றே என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னோம். அவர் சிரித்தார்.

"தள்ளுறது என்ன தம்பி பெரிய வேலை? தள்ளுற வண்டி விடிகாலையில கெளம்பணும். அந்த வேலை புரட்டாசியிலேயே முடிஞ்சிருக்கணும்."

பின்னர் அந்த வேலையை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். முதலாவது ரேடியேட்டர். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. இரவில் நிறுத்திய வண்டியின் எஞ்சினுக்குள் வெறும் தண்ணீர் நின்றால், அது வார்ப்பிரும்பையும் பிளந்துவிடும். எனவே நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட் ஊற்ற வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழ் 35 டிகிரியிலும் அது உறையாது.

இரண்டாவது பேட்டரி. கடுங்குளிரில் அதன் வலிமை பாதியளவுக்குக் குறைகிறது. எண்ணெய் இறுகி எஞ்சின் சுழல மறுப்பதும் அதே வேளையில்தான். ஆகவே ஒவ்வோர் அறையின் அமிலத்தையும் ஹைட்ரோமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். மின்னூட்டம் இறங்கிய பேட்டரி தானே உறைந்து வெடிப்புக் காணும். எண்ணெய் டப்பாவின் மேல் எண்ணையடுத்து நிற்கும் 'டபிள்யூ' என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது என்பதையும், அந்த எண் சிறிதாக இருந்தால்தான் எண்ணெய் குளிரிலும் இளகி ஓடும் என்பதையும் அவரிடமே நாம் அறிந்தோம்.

வண்டியின் முன்னே பூட்டும் இரும்புப் பலகை, பெயருக்கு ஏற்பப் பனிக்கலப்பையேதான். நம் உழவரின் கலப்பைக்குக் கொழு இருப்பதுபோல் இதற்கும் தேய்கிற விளிம்பு உண்டு; பருவம் தொடங்குமுன் அதை மாற்றியாக வேண்டும். பலகையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் குழாய்களில் கீறல் இருக்கலாகாது. பனிக்கடியில் மறைந்த கல்லில் மோதினால் பலகை மடங்கிக் கொடுத்துவிட்டு மீள்வதற்கான ஸ்பிரிங்குகள் துருவேறாதிருக்க வேண்டும். கலப்பையின் பாரம் முன்சக்கரங்களை அழுத்தப் பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். ஆகவே பின்னாலும் பாரம் வேண்டும். டொராண்டோவில் வாழும் நம் பிள்ளைகள் தங்கள் தெருவில் பிக்கப் வண்டிகள் பனி தள்ளுவதைக் கண்டிருப்பார்கள். அவ்வண்டிகளின் பின்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்குவதும் இக்காரணம் பற்றியே.

இவை யாவும் சிறு வேலைகள். ஆனால் இவற்றில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லக் கேட்டபோது நமக்கு நெஞ்சு கனத்தது. டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். ஒரு மார்கழியில், பனிச்சரிவு இறங்கும் மலைமுகத்தின் கீழே, வரிசையின் முன்னால் சென்ற தனியார் லாரி ஒன்று அப்படித்தான் நின்றுபோயிற்று. பருவத்துக்கு முன் மாற்றியிருக்க வேண்டிய ஃபில்டரை எவரும் மாற்றவில்லை. பின்னே இருபது வண்டிகள். விலகிப் போக வழியில்லை. பெரியவரும் உடனிருந்தோரும் வெந்நீர் ஊற்றி, விரல்கள் மரக்க மரக்க அதைக் கழற்றி மாட்டினார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் விடியலில் அதே இடத்தில் சரிவு இறங்கியது.

"ஒரு நாள் முன்னால எறங்கியிருந்தா..." என்றவர் அதற்குமேல் பேசவில்லை.

அவர் காலத்தில் டீசலுடன் மண்ணெண்ணெய் கலந்து சமாளித்தார்களாம். பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை இளக்கம் மாறாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று வெளியிட்டது 2019 நவம்பரில்தான்.

முன்கூட்டிச் செய்த வேலை வரலாற்றையே திருப்பியதும் உண்டு. 11,500 அடிக்கு மேற்பட்ட சோஜிலாக் கணவாயில், 1948 நவம்பர் 1ஆம் நாள் மேஜர் ஜெனரல் திம்மையாவின் படை ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றி எதிரியைத் திகைக்க வைத்தது. கோவேறு கழுதைகள் நடந்த தடத்தை அந்த டாங்கிகள் ஏறும் பாதையாகச் செப்பனிட்டவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். 'தம்பி' என்றே படைகளில் அழைக்கப்படுபவர்கள். அதே கணவாய் முன்பெல்லாம் ஐந்தாறு மாதம் அடைபட்டுக் கிடக்கும். 2023இல் 68 நாளிலும் 2025இல் 32 நாளிலும் அது திறக்கப்பட்டது. சோனமார்க் பக்கமிருந்தும் திராஸ் பக்கமிருந்தும் பனியை வெட்டி வரும் இரு குழுக்களும் உச்சியில் சந்தித்துக் கைகுலுக்கும் காட்சியைப் படமெடுக்கிறார்கள். எடுக்க வேண்டியதே. ஆயினும் ஐந்து மாதம் முன்பு ஒரு பட்டறையில் ஃபில்டரை மாற்றிய கை எந்தப் படத்திலும் இராது. அக்கையின் வேலை நன்றாக நடந்ததற்குச் சான்று, எதுவும் நடக்காமல் போனதே.

புரட்டாசி என்று பெரியவர் குறித்த காலம் நவராத்திரிக் காலமாக அமைந்தது பொருத்தமே. நாம் ஆயுத பூஜை என்பதை மராட்டிய அன்பர்கள் கண்டே நவமி என்கிறார்கள். இரு வீட்டிலும் வண்டிகள் குளித்துப் பூச்சூடி நிற்கும். சென்ற ஆண்டு நம் வண்டிக்குச் சந்தனம் குழைத்துக் கொண்டிருந்தபோது பெரியவர் வந்து நின்றார்.

"பொட்டு அப்புறம் வைக்கலாம் தம்பி. மொதல்ல பானெட்டைத் தெற" என்றார்.