குளிர்காற்று ஊதும் ஹீற்றர்

ஸ்காபரோ, கனடா, தை மாதம்



இங்கே பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். ஆடி மாத வெயிலில் வாங்கினாலும், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஹீற்றரைப் போட்டுப் பாருங்கள். கோடையில் எல்லோரும் ஏசியைத்தான் சோதிக்கிறார்கள். ஹீற்றரில் பழுது இருக்கிறது என்பது மார்கழியில், மைனஸ் பதினைந்தில், வேலைக்குக் கிளம்பும்போதுதான் தெரிகிறது.

இந்த மாதம் அப்படி ஒரு காரைப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்து அதிக காலம் ஆகாத தம்பி ஒருவருடையது. தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. மடியில் போர்வை, கையில் தடித்த உறை, முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் படியும் உறைபனியைச் சுரண்ட ஒரு பழைய வங்கி அட்டை. இப்படியே நெடுஞ்சாலை 401-இல் போய் வந்துகொண்டிருந்தார். “பரவாயில்லை அண்ணை, ரெண்டு ஜாக்கெற் போட்டுச் சமாளிக்கிறன். சம்பளம் வரட்டும், பிறகு பாப்பம்” என்றார்.

இந்தச் ‘சமாளிக்கிறன்’ என்பதைப் பற்றித்தான் இந்த மடல். புதிதாக வந்தவர்கள் பலர் ஹீற்றரை ஒரு சொகுசு என்றே நினைக்கிறார்கள். குளிரைத் தாங்கிக்கொண்டால் ஹீற்றர் இல்லாமல் ஓடலாம் என்பது அவர்கள் கணக்கு. பெற்றோல் காரில் அந்தக் கணக்குத் தவறு. ஹீற்றரில் குளிர்காற்று வருகிறதென்றால், பல வேளைகளில் பழுது எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் நாளைக்கு எஞ்சினே போய்விடலாம்.

பெற்றோல் காருக்குள் வெப்பம் உண்டாக்கவென்று பொதுவாகத் தனியாக எந்த அடுப்பும் கிடையாது. எரிகிற பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் காரை ஓட்டப் பயன்படுகிறது. மிச்சம் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதியைக் கூலன்ற் என்ற திரவம் உறிஞ்சிக்கொண்டு முன்னால் இருக்கிற ரேடியேற்றருக்குக் கொண்டுபோகிறது. போகும் வழியில் ஒரு கிளை பிரிந்து, டாஷ்போட்டுக்குப் பின்னால் ஒரு தடித்த புத்தகம் அளவில் இருக்கும் சின்ன ரேடியேற்றருக்குள் நுழைகிறது. ஹீற்றர் கோர் என்பது அதுதான். விசிறி அதன் ஊடாகக் காற்றை ஊதுகிறது. எப்படியும் வீணாகப் போகிற சூட்டில்தான் நாங்கள் குளிர் காய்கிறோம். மின்சாரக் காரில் வீணாகப் போவதற்கு இவ்வளவு சூடு இல்லை. ஹீற்றருக்கு வேண்டிய சக்தியைப் பற்றரியிலிருந்தே எடுக்கவேண்டும். குளிர்காலத்தில் அந்தக் கார்கள் ஓடும் தூரம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நகரில் எங்கள் ஆட்கள் நடத்தும் கராஜ்கள் ஏராளம். அவற்றில் ஒன்றில், நரைத்த மெக்கானிக் ஒருவர் முன்பு எனக்குச் சொல்லித் தந்த ஒழுங்கு இது: “முதல் தண்ணியைப் பார். பிறகு முள்ளைப் பார். கடைசியா ஹோஸைத் தொட்டுப் பார்.” அதற்கு மேலான ஒரு முறையை நான் கண்டதில்லை.

தண்ணி என்று அவர் சொன்னது கூலன்ற்றை. காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது பொனற்றைத் திறந்தால் வெள்ளைப் பிளாஸ்ரிக் தொட்டி ஒன்று தெரியும். அதில் இரண்டு கோடுகள் இருக்கும். மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால் பாதி விடை கிடைத்தமாதிரி. பல கார்களில் ஹீற்றர் கோர் உயரமான இடத்தில் இருக்கிறது. கூலன்ற் குறைந்தால் முதலில் காற்று போய் நிற்பது அங்கேதான். டாஷ்போட்டுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடுகிற சத்தம் கேட்டால் அந்தக் காற்றுதான் காரணம். சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அமுக்கத்தில் நிற்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

குறைந்திருக்கிறதே என்று பைப் தண்ணீரை ஊற்றுவதுதான் எங்கள் ஆட்களிடம் நான் காணும் பெரிய ஆபத்து. யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரினுக்கும் மொறிஸ் மைனருக்கும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓடிய கை அது. அங்கே தண்ணீர் உறையும் குளிர் இல்லை. இங்கே தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருத்து, எஞ்சினின் இரும்பையே பிளந்துவிடும். கூலன்ற்றும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 பாகை வரைக்கும் தாங்கும். அதையும் கண்டபடி கலக்கக்கூடாது. எந்த வகை என்று காரின் கையேட்டில் இருக்கும். நிலத்தில் சிந்தினால் உடனே கழுவுங்கள். கூலன்ற்றில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும்.

அடுத்தது முள். அரை மணி நேரம் ஓடியும் வெப்பமானியின் முள் அடியிலேயே கிடந்தால், அல்லது தெருவில் ஊரும்போது சற்று ஏறி 401-இல் வேகம் பிடித்ததும் விழுந்தால், கூலன்ற்றை ரேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்ராற் திறந்தபடி இறுகிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்குள் ஒரு சிறு மெழுகுக் குப்பி இருக்கிறது. கூலன்ற் 90 பாகையை அண்டும்போது மெழுகு உருகிப் பருத்துக் கதவைத் தள்ளித் திறக்கும். குளிர்ந்தால் கதவு மூடவேண்டும். மூடாவிட்டால் எஞ்சினைச் சூடேறவே விடாது. மலிவான பாகம், பல கார்களில் ஒரு மணி நேர வேலை.

இதற்கு நேர்மாறானதுதான் பயங்கரம். முள் சிவப்புக்கு ஏறுகிறது, ஆனால் ஹீற்றரில் வருவது குளிர்காற்று. கூலன்ற் தீர்ந்துவிட்டது, அல்லது பம்ப் அதைச் சுற்றிவரச் செய்யவில்லை. அடுத்த வெளிவழி வரை போய்விடலாம் என்று எண்ணவேண்டாம். ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

கடைசியில் ஹோஸ். எஞ்சினுக்கும் எங்கள் கால்மாட்டுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவருக்குள் இரண்டு இறப்பர் குழாய்கள் நுழையும். ஒன்றில் கூலன்ற் போகிறது, மற்றதில் திரும்புகிறது. கார் நன்றாகச் சூடேறியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, கையுறையோடு இரண்டையும் தொடுங்கள். இரண்டும் குளிர் என்றால் கூலன்ற், தேர்மோஸ்ராற், பம்ப் பக்கம் பழுது. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்தால் ஹீற்றர் கோர் அடைபட்டிருக்கிறது, அல்லது காற்று அடைத்து நிற்கிறது. இரண்டும் சுட்டால் சூடு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. சூட்டுக் காற்றையும் குளிர்காற்றையும் மாற்றிவிடும் சிறு கதவுதான் உள்ளே அசையவில்லை. அந்தக் கதவின் மோட்டாரில் பிளாஸ்ரிக் பல்லு உடைந்திருந்தால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். இதைத் தெரிந்துகொண்டு கராஜுக்குப் போவது முக்கியம். ஹீற்றர் கோர் மாற்றப் பல கார்களில் டாஷ்போட் முழுவதையும் கழற்றவேண்டும். சாமானின் விலையைவிடக் கூலி பல மடங்கு. பழுது வெறும் தேர்மோஸ்ராற்றில் இருக்க, இந்தக் கூலியைக் கொடுத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒழுக்கை அடைக்கும் போத்தல் மருந்துகள் கடையில் விற்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். ஒழுகும் ஓட்டையை அடைக்கும் அதே மருந்து ஹீற்றர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

முன்கண்ணாடியைப் பற்றியும் சொல்லவேண்டும். குளிரை உடம்பு தாங்கும், கண்ணாடி தாங்காது. மூச்சின் ஈரம் உறைந்து படியும்போது, நடைபாதையில் நிற்கும் பிள்ளை தெரியமாட்டாள். கண்ணாடியில் எண்ணெய்ப் பசைபோலப் புகார் படிந்து, இனிப்பான மணமும் வந்து, முன்பயணியின் கால்விரிப்பும் நனைந்திருந்தால் ஹீற்றர் கோரே ஒழுகுகிறது. வண்டியை அன்றே காட்டுங்கள். நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டு யாராவது உள்ளே இருப்பதானால், முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிவிடவேண்டும். அடைபட்ட குழாயிலிருந்து காபன் மொனொக்சைட் உள்ளே வரும். அதற்கு மணம் கிடையாது. பிள்ளைகள் அப்படி இறந்திருக்கிறார்கள்.

தம்பியின் காரில் தொட்டி காய்ந்து கிடந்தது. வோட்டர் பம்பின் அடியில் கூலன்ற் வடிந்து காய்ந்த பச்சைத் தடம் தெரிந்தது. பம்பை மாற்றினார்கள். பிறகு காரின் மூக்கை மேட்டுப்பக்கம் ஏற்றி நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, குமிழிகள் ஓயும்வரை கூலன்ற் ஊற்றிக் காற்றை வெளியேற்றினார்கள். சூடு வந்துவிட்டது. காசை மாதாமாதம் தரலாம் என்று கராஜ்காரர் ஒத்துக்கொண்டார். வருகிற ஞாயிறு காலை, எஞ்சினை ஓடவிடுவதற்கு முன் தொட்டியின் மட்டத்தைப் பார்த்து எனக்குச் சொல்லும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு விரல் குறைந்திருந்தாலும் வண்டி திரும்பவும் கராஜுக்குப் போகும்.