பாணும் தூண்டிலும்

மீன்கடைப் பக்கமே போயறியாத சைவ வீட்டிலே பிறந்த நாம், மார்கழி மாதத்தில், அதுவும் திருவெம்பாவை நாளொன்றில், தூண்டிற்கோலும் கையுமாக ஓர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தோம் என்றால் எம்மை அறிந்தவர் நம்பமாட்டார். ஆயினும் அது நடந்தது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் இலண்டனிலுள்ள அக்கா வீட்டிற்குச் சென்றிருந்தபோது நடந்தது.

அத்தான் அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அங்கே அவர் பழகிக்கொண்ட ஒரே வேண்டாத பழக்கம் மீன்பிடி என்பது அக்காவின் தீர்ப்பு. "தம்பி, சும்மா வந்து பாரும். பிடிக்கிற மீனைத் திரும்பவும் ஆற்றிலே விடுகிறதுதான் இங்கத்தை வழக்கம். கொலை ஒன்றும் இல்லை" என்று அவர் அழைத்தார். மறுக்க மனம் வரவில்லை. விடியுமுன்னரே புறப்பட்டோம். அந்நாள்களில் அங்கே சூரியன் எழுவது எட்டு மணிக்கு. நாலு மணிக்கு முன்னரே மறைந்துவிடும்.

நாம் சென்றது லீ நதிக்கரைக்கு. லூற்றன் நகருக்கு அருகே தோன்றி, ஹேட்பட், வெயர் ஆகிய ஊர்களைக் கடந்து, இலண்டனின் கிழக்கே தேம்சில் கலக்கும் சிறிய ஆறு அது. 1653இல் ஐசாக் வோல்ற்றன் எழுதி வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூல் இவ்வாற்றங்கரை வழியாகவே நடந்து செல்கின்றது. அன்று கடுங்குளிர் இல்லை என்றார் அத்தான். இரண்டு மேற்சட்டைகளுக்குள்ளே நடுங்கிக்கொண்டிருந்த நாம் அதற்கு மறுமொழி கூறவில்லை.

அத்தான் தேடிவந்த மீன் 'சப்' என்பது. எமது கெண்டையின் இனத்தைச் சேர்ந்தது. பருத்த தலை, அகன்ற வாய், தடித்த வெள்ளை உதடு. குளிர் மிகுந்தால் மற்றை மீன்கள் பல இரையை மறந்து ஒடுங்கிவிட, இது மட்டும் மாரி முழுவதும் உண்டுகொண்டேயிருக்கும். ஆனால் மகா பயங்கொள்ளி. கரையிலே மனித நிழல் அசைந்தாற் போதும், மறைந்துவிடும். ஆகவே, தண்ணீரைத் தொட்டுக் கிடந்த ஓர் அலரிமரக் கிளைக்கு மேலே, நீர் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி, பூனைபோல நடந்து போய் அமர்ந்தோம்.

இரை என்ன தெரியுமா? பாண்! வேறொன்றும் இல்லை. அக்கா கொடுத்த பழம்பாணை அத்தான் ஆற்றுநீரில் ஊறவைத்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக நீரோட்டத்தில் இட்டார். அது கரைந்து கிளையின் கீழே சென்று மீனை அழைக்குமாம். கோயிற்கேணியிலே சிறுவர் மீனுக்குப் பொரி இடுவதுபோல எமக்கும் அது மகிழ்ச்சியாகவே இருந்தது. பின்னர்ப் புதுப்பாணின் நடுவிலுள்ள மென்மையான வெண்பகுதியைக் கிள்ளி, முள்ளின் தண்டைச் சுற்றி மடித்து அழுத்தினார். முள்முனை மட்டும் வெளியே தெரிந்தது. பொரி இடுவோர் அவ்வாறு செய்வதில்லை.

ஒரு மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. அப்போது அத்தான் கைத்தொலைபேசியை எடுத்து, எமது பெயரில் வாங்கியிருந்த ஒருநாள் அனுமதிப்பத்திரத்தைக் காட்டினார். 'சும்மா வந்து பாரும்' என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. கோல் எமது கைக்கு வந்தது.

அதன் மெல்லிய நுனி இருமுறை துடித்தது. பின்னர் வளைந்தது. "இழும் தம்பி!" என்றார் அத்தான். இழுத்தோம். நூலின் மறுமுனையிலே ஓர் உயிர் கிளையின் வேர்ப்பக்கமாக முழுப்பலத்துடன் ஓடியது. உண்மையை மறைத்தல் ஆகாது: அந்த நிமிடத்திலே எமக்குத் திருவெம்பாவையும் இல்லை, சைவமும் இல்லை. கை மட்டுமே இருந்தது. அது போய்விடக்கூடாதே என்ற வெறி ஒன்றே இருந்தது. நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்குள் இது எங்கே ஒளிந்திருந்ததோ!

வலையில் ஏந்தி ஈரமான விரிப்பிலே கிடத்தினார். பித்தளைநிறச் செதில்கள், ஒவ்வொன்றும் கருங்கரையிட்டாற்போல. நாலு இறாத்தல் நிறை. தாடையிலே பல் இல்லை; தொண்டைக்குள்ளே உண்டு, ஆகையால் விரலை விடக்கூடாது என்று எச்சரித்தார். முள்ளைக் கழற்றியபோது வெள்ளை உதட்டிலே சிவப்பாய் ஒரு புள்ளி தெரிந்தது. "அதுக்கு நோவு தெரியாது" என்றார். 2003இல் ஸ்கொத்லாந்து ஆய்வாளர் திறவுட்டு மீனின் உதட்டிலும் தலையிலும் நோவை உணரும் நரம்புமுனைகள் உள்ளன என்று கண்டறிந்ததை நாம் படித்திருந்தோம். சொல்லவில்லை. பிடித்தவர் நாம் அன்றோ?

நீரோட்டத்திற்கு எதிர்முகமாக அதனைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். செவுள்கள் திறந்து மூடின. உள்ளங்கையிலே பலம் திரும்புவது தெரிந்தது. ஒரு வாலடி, போய்விட்டது.

அப்போது எமக்கு அதிபத்த நாயனாரின் நினைவு வந்தது. நாகபட்டினக் கடற்கரையில் வாழ்ந்த அந்தப் பரதவர், நாள்தோறும் வலையில் முதற்படும் மீனைச் சிவனுக்கென்று கடலிலே விட்டவர். ஒரே ஒரு மீன் கிடைத்த நாள்களிலும் அதனை விட்டுப் பசித்திருந்தவர். ஆண்டுதோறும் வகுப்பிலே இவ்வரலாற்றைக் கூறிவந்திருக்கின்றோம். அவர் விட்டது தம் வீட்டுச் சோற்றை. நாம் விட்டதோ எமக்கு வேண்டாத ஒன்றை. அவ்வளவு பெரிய மீனைக் கொண்டுபோக அந்நாட்டுச் சட்டமும் விடாது. இரண்டையும் 'விடுதல்' என்ற ஒரே சொல்லால் எப்படிக் குறிப்பது?

திரும்பும்போது இதனை அத்தானிடம் கூறினோம். வண்டியை ஓட்டியபடி சிறிது நேரம் பேசாதிருந்தார். "தூண்டில்காரர் இல்லாவிட்டால் இந்த ஆற்றிலே கழிவைக் கொட்டுகிறவனை ஆர் தம்பி கேட்கிறது?" என்றார். அதிலும் உண்மை இருந்தது. ஆற்றை நேசிக்காதவர் குளிரிலே நாள் முழுவதும் அதனைப் பார்த்துக்கொண்டு இருப்பாரா?

அக்கா கதவைத் திறந்ததும், "என்ன, பட்டதோ?" என்று கேட்டாள். "தம்பிக்கு ஒன்று" என்றார் அத்தான். அவள் எம்மை ஏற இறங்கப் பார்த்தாள். சுவாமியறையில் விளக்கேற்றும் நேரம். கையை முகர்ந்து பார்த்தோம். பின்னர் வெந்நீரில் தலைமுழுகி, சவர்க்காரத்தால் இருமுறை கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே சென்றோம்.