ஏர் பிரேக்கும் கிளீனரின் ஸ்பானரும்

முக்கூடல் பக்கத்திலிருந்து தென்காசி வழியாக கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போகும் லாரி, புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு தாண்டி, தென்மலைப் பக்கம் இறங்கும். ஏறுவது இன்ஜின் பாடு. இறங்குவது பிரேக் பாடு!

ஆயில் பிரேக் உள்ள பழைய வண்டியில் ஷூ தேய்ந்தால் பெடல் கூடுதலாக இறங்கும். காலே சொல்லிவிடும். ஏர் பிரேக்கில் அந்த வசதி இல்லை. டிரைவரின் கால் திறப்பது ஒரு வால்வைத்தான். சக்கரத்தில் நடப்பது காலுக்குத் தெரியாது.

அங்கே நடப்பது இதுதான். சேம்பருக்குள் வரும் காற்று ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற கையைத் திருப்பும். அதோடு 'எஸ்' வடிவ கேமும் திரும்பி, ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். டைப் 30 சேம்பர் என்றால் பரப்பு 30 சதுர அங்குலம். 100 பி.எஸ்.ஐ. காற்றுக்கு 3000 பவுண்டு, அதாவது சுமார் 1360 கிலோ விசை. ஆனால் தண்டு நகர்வது மொத்தமே இரண்டரை அங்குலம்தான். லைனிங் தேயத் தேய தண்டு கூடுதல் தூரம் போக வேண்டும். இறக்கத்தில் சூடாகி டிரம் விரிந்தால் இன்னும் கொஞ்சம். கடைசியில் தண்டு அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றுவிடும். டேங்கில் காற்று இருக்கும்... பிரேக் இருக்காது.

சாதா ஸ்லாக் உள்ள வண்டிக்கு ஒரே வைத்தியம் ஸ்பானர். "அண்ணாச்சி, பிரேக் சரியாப் பிடிக்கல" என்றால் கிளீனர் அடியில் படுத்து ஒவ்வொரு சக்கரமாக டைட் வைப்பார். ஆட்டோமேட்டிக் ஸ்லாக் இந்த வேலையைத் தானே செய்கிறது. உள்ளே ஒரு வார்ம் கியர், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச். இடைவெளி கூடினால், பிரேக் பிடித்து விடும்போதெல்லாம் கியர் துளித்துளியாகத் திரும்பி அதைக் குறைக்கும். அமெரிக்காவில் 1994 அக்டோபர் முதல் புது ஏர் பிரேக் லாரிகளுக்கு இது கட்டாயம்.

சிக்கலும் இங்கேதான். ஆட்டோமேட்டிக் ஸ்லாக் வண்டியிலும் பழக்க தோஷத்தில் ஸ்பானர் போடுகிறவர்கள் உண்டு. தானே இறுக வேண்டியது இறுகவில்லை என்றால் ஸ்லாக் கெட்டிருக்கும், அல்லது கேம் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது பிராக்கெட் உடைந்திருக்கும். ஸ்பானர் அந்தக் கோளாறைச் சரி செய்யாது, மறைத்து மட்டும் வைக்கும். ஷெட்டில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். சில நாளில் மறுபடி தளரும். அது தெரிய வருவது பெரும்பாலும் ஏதாவது ஓர் இறக்கத்தில்தான்.

2003 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கிளென் ராக் என்ற ஊரில் இறக்கத்தில் வந்த டிப்பர் லாரி நிற்காமல் கார்கள் மீது மோதி உயிர்ப்பலி ஆனது. அதை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006ல் சொன்னதும் இதைத்தான்: ஆட்டோமேட்டிக் ஸ்லாக்கைக் கையால் டைட் வைப்பது ஆபத்து, அது பொய்யான தைரியத்தைத் தரும்.

அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். டைப் 30 சாதாரண சேம்பருக்கு 2 அங்குலம்தான் எல்லை. தாண்டினால் வண்டி போக வேண்டியது மெக்கானிக்கிடம், மலைக்கு அல்ல.