ஆரணியும் அக்கினியும்

ரயிலில் ஆரணிக்குப் போக விரும்பும் அன்பர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே அறிந்து கொள்வது நலம். காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் பாதையில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கினால் ரோடு உண்டு, ஆரணி இராது. ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். மேற்கொண்டு சில மைல் தூரம் அந்த ரோட்டின் வழியே சென்றுதான் ஊரை அடைய வேண்டும்.

கமண்டல நாகநதி தீரத்தில் அமைந்த பழைய ஊர் ஆரணி. மகாராஷ்டிர வம்சத்து ஜாகீர்தார்கள் இங்கே அதிகாரம் செலுத்தினார்கள். 1751-ம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் இவ்வூருக்கு அருகே ஒரு சண்டையில் வெற்றி பெற்றான். ஆயினும் இன்று தமிழ் நாட்டுப் பெண்மணிகளிடம் ஆரணி என்று சொன்னால் அவர்களுக்குக் கிளைவின் ஞாபகம் வராது. பட்டுச் சேலையின் ஞாபகந்தான் வரும். நெல் அரைக்கும் ஆலைகளும் இவ்வூரின் மற்றொரு செல்வம்.

நெசவாளர் வீதிகளில் நடந்து போகும்போது வீட்டுக்கு வீடு தறியின் ஓசை கேட்கும். இந்த ஓசை நடுவே தீ என்ற சொல்லை நினைக்கவே மனம் கூசுகிறது. ஆனால் நினைக்கத்தான் வேண்டும். பட்டு அவ்வளவு சுலபமாய்ப் பற்றி எரியும் பொருள் அல்ல. தலைமயிரைப் போல அது கருகும். நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்து போகும். இழையைக் கொளுத்தி முகர்ந்து அசல் பட்டா என்று சோதிக்கும் வழக்கம் இதனால் வந்ததே. அபாயம் பட்டைச் சுற்றியுள்ளவற்றில் இருக்கிறது. மரத்தாலான தறி, நூலாலான விழுது, பூவேலைக்கு உதவும் ஜக்கார்டு அட்டைகள், சாயம் காய்ச்சும் அடுப்பு, சில வீடுகளில் இன்னும் தலைக்கு மேலே ஓலைக் கூரை! தீயிலிருந்து தப்பிய பாவும் தண்ணீர் பட்டுச் சாயம் கலங்கினால் வீணே. அந்தப் பட்டும் ஜரிகையும் பல சமயம் நெசவாளருக்குச் சொந்தமல்ல. முதலாளி கொடுத்த சரக்கு. எனவே ஒரு நாழிகைத் தீ, பல வருஷக் கடனாக மாறிவிடக் கூடும்.

ஆகையால் ஆரணித் தீயணைப்பு நிலையத்தின் சிவப்பு மோட்டார் வண்டியை நாம் சற்று மரியாதையுடனே பார்க்க வேண்டும். இந்த வண்டியின் வம்சாவளி சுவாரஸ்யமானது. முற்காலத்தில் கைப் பம்பும், பிறகு குதிரை இழுத்த நீராவிப் பம்பும் இருந்தன. 1904-ல் லண்டனை அடுத்த பின்ச்லி என்னும் இடத்தாருக்கு மெர்ரிவெதர் கம்பெனியார் ஒரு பெட்ரோல் வண்டி செய்து கொடுத்தார்கள். வண்டியை ஓட்டும் இயந்திரமே, நின்ற பிறகு தண்ணீரையும் இறைத்தது. இன்றைய வண்டிகள் எல்லாம் அந்த யுக்தியின் சந்ததிகளே. சென்னை நகரத் தீயணைப்புப் படை 1908-ல் ஏற்பட்டது. நிஜாம் ராஜ்யத்து ரயில்வேக்காக 1914-ல் இங்கிலாந்தில் ஜான் மாரிஸ் கம்பெனியார் செய்த வண்டியை டில்லி ரயில்வே காட்சிசாலையில் பாதுகாத்து வருகிறார்கள்.

அந்நாளில் நம் வீட்டுத் தீயை அணைப்பதற்கும் அந்நிய நாட்டு இயந்திரமே வர வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், ரகுநந்தன் சரண் என்பவர் தம் புதல்வன் பெயரால் அசோக் மோட்டார்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1955-ல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. எண்ணூரில் உருவான லாரிகள் பிற்பாடு சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டு, மணியடித்துக் கொண்டு, தமிழ் நாட்டு ஊர்களில் தீயணைக்கக் கிளம்பின.

இனி ஒரு சிறு கணக்கு. வண்டித் தொட்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருப்பதாகவும், பம்பு நிமிஷத்துக்கு 1,800 லிட்டர் இறைப்பதாகவும் வைத்துக் கொள்வோம். முழு வேகத்தில் இறைத்தால் இரண்டரை நிமிஷத்தில் தொட்டி காலி! அப்புறம் ஊர்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும். கிணற்றிலிருந்து எடுக்கலாமே என்று கேட்கலாம். காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுவதால், மேலிருந்து உறிஞ்சும் பம்பு சாஸ்திரக் கணக்கின்படி சுமார் 33 அடிக்குமேல் நீரை ஏற்ற முடியாது; நடைமுறையில் அதுவும் கிட்டாது. ஆழக் கிணற்றின் அடியில் கிடக்கும் நீர் வண்டியின் பம்புக்கு எட்டாக்கனி. ஊர்க் குளம் தூர்ந்து போனால் பாதி வண்டி பழுதானதற்குச் சமானம்.

ஓலைக் கூரையின் கொடுமையை 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் கண்டோம். 94 குழந்தைகள் மாண்டனர். நெருப்பு ஓலையில் ஓடும் வேகத்தோடு எந்த மோட்டாரும் போட்டி போட இயலாது. வண்டி எவ்வளவு உயர்ந்ததானாலும் குழாயைப் பிடிக்கும் கைகள் மனிதருடையவை என்பதையும் மறக்கலாகாது. நமக்குப் பெரும்பாலும் வருஷப் பிறப்பாக வரும் ஏப்ரல் 14-ந் தேதி, 1944-ம் வருஷம், பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தனர். தேசமெங்கும் தீயணைப்போர் அந்த நாளை நினைவு நாளாக அனுஷ்டிக்கிறார்கள்.

நெசவாளரின் பழைய வீதியமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. காலையில் பாவை நீட்டிப் பிடிப்பதற்கு நீளமும் நேர்மையுமான வீதி தேவை. முன்னோர் பாவுக்காக விட்ட இடம், பின்னாளில் வந்த சிவப்பு வண்டிக்கும் வழியாயிற்று. அந்த வீதியில் இன்று திண்ணையை முன்னுக்கு இழுப்பதும், வண்டிகளைக் குறுக்கே நிறுத்துவதும், வாசலில் சரக்கை அடுக்குவதும் சகஜமாகிவிட்டன. 101 என்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் தகவல் கொடுத்தாலும், தெரு முனையில் நின்றுவிட்ட வண்டியால் பயனில்லை.

ஆரணிக்குச் செல்லும் அன்பர்கள் சேலை வாங்குவதோடு அந்த வீதிகளையும் ஒரு முறை பார்த்து வரட்டும். தங்கள் ஊர் திரும்பியதும், தங்கள் தெருவில் அந்தச் சிவப்பு வண்டி நுழையுமா என்று பார்க்கட்டும். நுழையாது என்று தோன்றினால், அண்டை வீட்டாரையும் அழைத்து, அன்றைக்கே வழி செய்வது உத்தமம்.