சி டிரைவும் டி டிரைவும்



போன மாதம் என் கம்ப்யூட்டர் நின்றுபோனது. "பேக்கப் இருக்கா சார்?" என்று கேட்டார் பழுது பார்க்க வந்த தம்பி. "விண்டோஸ், படங்கள் எல்லாவற்றையும் டி டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன்" என்றேன் பெருமையாக.

"சி, டி இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்க்தானே சார்! அதுதான் போயிடுச்சு" என்றார். ஒரே பெட்டிக்குள் இரண்டு அறை. பெட்டி எரிந்தால் இரண்டும் போகும். மறைந்த என் மனைவி கடைசிப் பொங்கலன்று பேசிய வீடியோவும் அதில்தான் இருந்தது.

இப்போது வெளி ஹார்டு டிஸ்க்கில் 'சிஸ்டம் இமேஜ்', 32 ஜிபி பென் டிரைவில் 'ரெக்கவரி டிரைவ்' எடுத்து, கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். படங்களின் இன்னொரு பிரதி மகள் வீட்டில்.

நீங்களும் இன்றே எடுத்துவிடுங்கள். நம் ஐந்தாம் வகுப்புப் படங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், கண்ணுகளா.