பாட்டனாரின் மீன்தொட்டியும் ஒரு மறவாப் பொறியும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் ஒருவன், இலக்கண நூலை மூடிவைத்துவிட்டு மின்கம்பியும் ஈயமும் கையிலேந்திப் பொறியமைக்கப் புகுந்தான் எனின், நண்பர் நகைத்தல் இயல்பே. அவர் நகைப்பைப் பொருட்படுத்தாது, பாளையங்கோட்டையில் எம் இல்லத்து மீன்தொட்டிக்கு யான் அமைத்த காவற்பொறியின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன். பொறியியல் பயில்வார்க்கு இதிற் புதுமை யாதும் இராது. அவர்கள் பக்கத்தைப் புரட்டிச் செல்லலாம். வீட்டில் முதியோரை உடையார் நின்று படிப்பாராக.

தொட்டி என் பாட்டனாருடையது. நீளம் 90, அகலம் 40, உயரம் 45 சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் வரை நிரப்பினால் 144 லிட்டர் நீர் கொள்ளும். அதில் அவர் வளர்ப்பன பொன்மீன்கள். பாட்டனார்க்கு வயது 81. தென்பகுதி மீட்டர்கேஜ் ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராய் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாண்டுகளாக அவர் நினைவு தளர்ந்து வருகின்றது. பழையன யாவும் தெளிவாய் நிற்கின்றன. அன்று காலை நிகழ்ந்ததே நிற்பதில்லை. மீனுக்கு உணவிட்டதை மறந்து மீண்டும் இடுவார். ஒருநாள் காலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் இடையே ஐந்து முறை இட்டதை என் தாயார் எண்ணியிருக்கின்றார். பொன்மீனோ 'போதும்' என்று விலகும் உயிரன்று. அதற்கு இரைப்பை என்னும் உறுப்பே இல்லை. ஆள் நிழல் கண்டவுடன் வாய் திறந்து நீர்மட்டத்துக்கு ஏறி வரும். அதனைக் கண்டு கையை மடக்கிக்கொள்ளப் பாட்டனாரால் இயலாது.

2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐந்து மீன்களுள் இரண்டு மடிந்தன. மடிந்ததினும் பெருந்துயரம் அதன் பின்னரே வந்தது. பாட்டனார் நாள்தோறும் மீன்களை எண்ணுவார், மூன்றே உள்ளன என்று கண்டு, மற்றவை எங்கே என்று வினவுவார், நாங்கள் சொல்வோம், அப்பொழுதுதான் முதன்முறை கேட்டவர் போல் வருந்துவார். ஒரே சாவுக்கு ஒருவர் எத்தனை முறை துக்கங் காப்பது?

சாவின் காரணம் மறைவானதன்று. உண்ணாது எஞ்சிய உணவு அழுகுவதாலும், மீன்கள் செவுள்வழி வெளியிடுவதாலும் நீரில் அம்மோனியா சேர்கின்றது. கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வாழும் நுண்ணுயிர்களுள் ஒருவகை அதனை நைட்ரைட்டாகவும், பின்னொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும். அவற்றின் ஆற்றலுக்கு மேல் உணவு விழுமாயின் அம்மோனியா தங்கிவிடும். நீரின் வெப்பமும் காரமும் ஏற ஏற அதன் நச்சுத்தன்மை மிகும். அவ்வெப்பமே ஆக்சிஜனையும் குறைக்கும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும். 32 டிகிரியில் 7.3 மட்டுமே. எங்கள் ஊர் மே மாதமும் பாட்டனாரின் அன்பும் ஒருங்கு கூடின; மீன்கள் தாங்கவில்லை.

உணவுப் புட்டியை ஒளித்துவிடுங்கள் என்றனர் சுற்றத்தார். ஒளித்தும் பார்த்தோம். அவர் வீடெங்கும் தேடிவிட்டுச் சோற்றுப் பருக்கைகளை இட்டார். குறித்த வேளையில் தானே உணவு தூவும் கருவிகள் கடைகளில் விற்கின்றன, வாங்குதல் எளிது. ஆயின், பாட்டனார்க்கென்று வீட்டில் எஞ்சியிருந்த வேலை அஃதொன்றே. அதனையும் அவர் கையினின்று பிடுங்கி ஒரு பொறியிடம் கொடுத்தல் எனக்கு உடன்பாடன்று. வெப்பத்தைப் பொறி பார்க்கட்டும், நீர்மட்டத்தைப் பொறி பார்க்கட்டும். உணவிடும் கை மட்டும் மனிதன் கையாகவே இருத்தல் வேண்டும் என்று தீர்மானித்தேன்.

வழி காட்டியவர் பாட்டனாரே. ஒரு மாலை அவர் ரயில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். அதற்கென இரு நிலையங்களிலும் நீல் என்பவர் பெயரால் வழங்கும் டோக்கன் கருவிகள் இருந்தன. இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து ஓர் இரும்பு உருண்டை வெளிவந்துவிட்டால், அது மீண்டும் கருவியுள் இடப்படும் வரை இரண்டிலிருந்தும் வேறோர் உருண்டை வாராது. உருண்டை கைக்கு வாராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார். "நினைவை நம்பி நாங்கள் வண்டி விட்டதில்லை, தம்பி; உருண்டை உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்" என்றார். அதன்பின் அவர் வேறு கதைக்குச் சென்றுவிட்டார், யான் செல்லவில்லை.

யான் அமைத்தது இதுவே. ஒரு சிறு கிண்ணம். அதன் அடியில் ஒரு காந்தம். கிண்ணம் அமரும் பீடத்தின் கீழே, காந்தம் அணுகினால் மூடிக்கொள்ளும் ரீடு சுவிட்ச். மேலே உணவுப் புட்டி. அதன் வாயில் ஒரு வேளைக்குரிய உணவே கொள்ளும் குழி. குழியைத் திருப்ப ஒரு சிறு செர்வோ மோட்டார். காலை ஏழு மணி கழிந்து, கிண்ணம் பீடத்தில் அமர்ந்து, அவ்வேளை உணவு வழங்கப்படாதிருப்பின், குழி ஒருமுறை திரும்பும். மாலை ஐந்து மணிக்கும் அவ்வாறே. பாட்டனார் கிண்ணத்தை எடுத்துத் தம் கையால் தூவுவார். கிண்ணம் திரும்பி வைக்கப்பட்டதும், 'காலை உணவு இட்டாயிற்று' என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையின் பின்னே ஒரு விளக்கு எரியும். இஃது அவரை ஏமாற்றுவதாகாதோ என்று என் அக்காள் வினவினாள். ஏமாற்றக் கருதினேனாயின் விளக்கை வைத்திரேன். நடந்ததை நடந்தபடி சொல்வதே அதன் தொழில். கருவியை முழுவதும் அவருக்குக் காட்டி, இசைவு பெற்ற பின்னரே பொருத்தினேன். அவ்விசைவை அவர் மறந்த நாள்களில் மீண்டும் காட்டுகின்றேன்.

இவற்றையெல்லாம் ஆள்வது ஆர்டுவினோ ஊனோ என்னும் உள்ளங்கையளவுப் பலகை. ஆர்டுவினோ 2005 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில், மின்னணுவியல் பயிலாத வடிவமைப்பு மாணவர் பொருட்டுத் தோன்றியது. ஆகலின் தமிழ் மாணவனும் அதற்கு அஞ்சவேண்டுவதில்லை. அதற்கு எழுதும் கட்டளைகளிற் பெரும்பாலன 'இன்னது நிகழின் இன்னது செய்க' என்னும் வடிவின. 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை நன்னூலில் பயின்றவனுக்கு அது முற்றும் அயல்மொழியாகத் தோன்றவில்லை.

ஆயின், அப்பலகைக்கும் மறதி உண்டு. மின்சாரம் நின்று மீண்டால், அது நிகழ்ந்தவற்றை மறந்து முதற் கட்டளையிலிருந்து தொடங்கும். காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போய் வந்தால், உணவு வழங்கியதை மறந்து மறுமுறையும் வழங்கும், பாட்டனாரைப் போலவே! இதற்கு இரண்டு பரிகாரங்கள் செய்தேன். நாணய வடிவப் பாட்டரியால் இடையறாது ஓடும் டி.எஸ். 3231 என்னும் கடிகாரச் சில்லு நேரத்தைக் காக்கின்றது. மேலும், மின்சாரம் இல்லாவிடினும் அழியாத 1,024 பைட் நினைவிடம் ஊனோவின் சில்லுக்குள்ளேயே உண்டு. குழி திரும்புவதற்கு முன்னரே தேதியையும் வேளையையும் அதிற் பொறிக்குமாறு எழுதினேன். 'முன்னரே' என்றது கருதிச் செய்தது. பொறித்தவுடன் மின்சாரம் போனால் ஒருவேளை உணவு தவறும். பின்னர்ப் பொறிப்பதாயின் இருமுறை விழக்கூடும். பொன்மீன் ஒருவேளைப் பட்டினியைப் பொறுக்கும், மிகையுணவைப் பொறாது.

வெப்பத்தைக் காப்பது எளிதாயிற்று. டி.எஸ். 18 பி 20 என்னும் உணரி, நீர் புகாத உருக்குக் குழலுக்குள் இருந்து, அரை டிகிரிப் பிழைக்குள் வெப்பத்தைச் சொல்லும். நீர் 29 டிகிரியை எட்டினால் நீர்மட்டத்தின் மேல் காற்றை வீசும் 12 வோல்ட் மின்விசிறி சுழலும். 28 ஆனால் நிற்கும். இரண்டற்கும் ஒரே எண்ணை வைத்தால் விசிறி ஓயாது தொடங்கி நின்று தடுமாறும். மண்பானை நீர் குளிரும் முறையே இது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அது முற்றும் தொட்டியிலிருந்தே செல்லுமாயின் 144 லிட்டர் நீர் 4 டிகிரி தணியும். உணரியின் கம்பி அறுந்தால், அதனைப் படிக்கும் நிரல் -127 என்னும் எண்ணைத் தரும். அதை அப்படியே நம்பும் பொறி, தொட்டி பனிக்கட்டியினும் குளிர்ந்தது என்று விசிறியை நிறுத்திவிடும். ஆகவே, நம் நாட்டு நீருக்குப் பொருந்தாத எண் எது வரினும் விசிறியைச் சுழலவிட்டு மணியடிக்குமாறு செய்தேன். நீரருகே இருப்பன யாவும் 12 வோல்ட்டுக்கு மேற்படாதவை. வடிகட்டியின் 230 வோல்ட் இணைப்புக்கு மட்டும் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்ச் உண்டு.

ஆவியான நீரை ஈடுசெய்ய ஒரு மிதவை சுவிட்சும் சிறு பம்பும் போதும். நீர்மட்டத்தை மிதவையாற் காத்தல் பழங்கலை; கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியஸ் தம் நீர்க்கடிகாரத்தில் அதனைக் கையாண்டார். நம் முல்லைப்பாட்டிலும் பாசறையில் நீர்க்கடிகாரம் பார்த்துப் பொழுது சொல்வோர் வருகின்றனர். அவர் கருவியிலும் மிதவை இருந்ததெனப் பெருமை பேச யான் துணியேன். எங்கள் பம்பு, குளோரின் நீங்க ஒருநாள் வைத்த நீருள்ள 10 லிட்டர் வாளியிலிருந்தே இறைக்கும். மிதவை சிக்கிப் பம்பு நில்லாது ஓடினும், தொட்டியின் மேற்புறம் ஒழிந்த இடத்தில் அவ்வளவும் அடங்கும், தரை நனையாது.

2025 ஆம் ஆண்டு மே மாதம் மூன்று மீன்களும் பிழைத்தன. பாட்டனார் கருவியின் அருகே ஒரு நீண்ட குறிப்பேடு வைத்துள்ளார். தம் காலத்து ரயில் பதிவேட்டைப் போல நேரம், நீரின் வெப்பம், கிண்ணத்தின் நிலை எனக் கோடு வகுத்து எழுதுகின்றார். சில நாள்களில் ஒரே வரி இருமுறை வந்திருக்கும். அவற்றை யாரும் அடிப்பதில்லை. மீன்களின் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி உண்டு. எண்ணி 'மூன்று' என்று எழுதுமுன் முந்திய நாளின் வரியை விரலால் தொட்டுப் பார்க்கின்றார். அங்கும் மூன்று என்றே இருக்கின்றது. மற்றவை எங்கே என்று அவர் வினவுவது இப்பொழுது குறைந்திருக்கின்றது.