அப்பாவின் மொய் நோட்டும் என் கிரெடிட் கார்டும்

மக்களே, இது ஒரு சொந்தக்கதை சோகக்கதை.

நமக்கு கீரமங்கலம் பக்கம். ஆடி, ஆவணின்னா ஊர்ல மொய் விருந்து. ஆட்டுக்கறி சாப்பாடு போட்டு, வர்ற மொய்யை நோட்டுல எழுதிக்குவாங்க. வட்டி கிடையாது. ஆனா மொய் செஞ்சவங்க விருந்து வைக்கும்போது, வாங்கினதுக்கு மேல கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்யணும். செய்யலைன்னா மானம் போயிரும்.

போன ஆடியில அப்பா நோட்டைப் புரட்டிக்கிட்டே, "உனக்கு கடன் எதுவும் இருக்காடா?"ன்னார்.

"கார்டுல எண்பதாயிரம்ப்பா."

"என்ன வட்டி?"

"மாசம் மூணரை."

"ரெண்டு வட்டிக்கே நாங்க யோசிப்போம். நீயெல்லாம் இன்ஜினியரு!"

அன்னிக்கு ராத்திரிதான் முதல்முறையா கணக்குப் போட்டேன். மினிமம் டியூ நாலாயிரம் கட்டினா, வட்டியும் அதுக்கு 18% ஜிஎஸ்டியும் போக, அசல்ல கழியறது கிட்டத்தட்ட எழுநூறுதான்! பாக்கி இருக்கற வரைக்கும், புதுசா தேய்க்கறதுக்கும் அன்னியிலேருந்தே வட்டி.

14% பெர்சனல் லோன் எடுத்து கார்டை மொத்தமா அடைச்சேன். மாசம் 3,841 ரூபா, 24 மாசத்துல முடிஞ்சிரும். கட்டறது கிட்டத்தட்ட அதே நாலாயிரம்தாங்க!

இப்ப நானும் ஒரு நோட்டு வச்சிருக்கேன். அப்பா நோட்டுல ஊரே இருக்கு, என்னோடதுல ஒரே பேருதான். இன்னும் 13 தவணை பாக்கி.

நீங்க ஸ்டேட்மென்ட்டைக் கடைசியா எப்ப முழுசாப் படிச்சீங்க? :-)